சாம்பமேட்டுப் பதினோரு பேர்

முதல் அநியாயம், குட்டையை மூடியது. இரண்டாவது, மூடிய இடத்துக்கு வேலி போட்டது. மூன்றாவது, தண்ணீர் விடாதது. நான்காவது, ஷீல்டைக் கொண்டுபோனது. ஐந்தாவது, கோல் கம்பங்களை எரித்தது. ஆறாவது, கையெழுத்து. ஏழாவது, சுவர். எட்டாவது, புல். இந்த வரிசை மாறக் கூடாது என்பது தணிகாசலம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கோபம் வந்தால் எட்டாவதுதான் முதலில் வாய்க்கு வரும், அதுதான் புதிது, கண்ணெதிரே பச்சையாக நிற்கிறது. ஆனால் எட்டில் ஆரம்பித்தால் கேட்கிறவன் ஐயோ பாவம் என்பான், ஒன்றில் ஆரம்பித்தால்தான் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பான். மில் தொழிற்சங்கத்தின் கேட் மீட்டிங்கில் பெஞ்சு மேல் ஏறி நின்ற காலத்திலேயே அவர் கற்றுக்கொண்டது அது. இப்போது பெஞ்சு இல்லை. சாம்பமேடு சமூகநலக்கூடத்தின் முன்வரிசையில், ஒரு கால் அகன்றுபோன பிளாஸ்டிக் நாற்காலியில், அது எந்த நிமிஷமும் விட்டுவிடும் என்ற சந்தேகத்தோடு பாதி உடம்பைத் தன் கால்களிலேயே தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மண்டல அலுவலகத்திலிருந்து வர வேண்டிய மேடம் இன்னும் வரவில்லை. கரண்டும் போய்விட்டது. மேலே மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றதைப் பார்த்தார். விஷயம் இவ்வளவுதான்: டன்ஸ்டர் மில்லின் கால்பந்து மைதானம் இருந்த இடத்தில் இன்றைக்கு அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கட்டினவர்கள் விட்டுக்கொடுத்த ஒரு துண்டு நிலத்தில் மாநகராட்சி பூங்கா போடுகிறது. பூங்கா வாசலில் ஒரு கல் நடப்போகிறார்கள். கல்லில், அறுபத்தொன்பதில் ஷீல்டு வாங்கின சாம்பமேட்டு டீமின் பெயர்கள். அந்தப் பெயர்கள் எங்கேயும் எழுத்தில் இல்லை, மில்லின் காகிதமெல்லாம் மில்லோடு போயிற்று, ஆடினவர்களில் மூச்சு இருப்பது தணிகாசலத்துக்கு மட்டும்தான். ஆகவே அவர் சாட்சிகள் முன்னால் வாய்விட்டு எந்தப் பெயர்களைப் படிக்கிறாரோ அந்தப் பெயர்கள் கல்லில் ஏறும். படிக்காத பெயர் ஏறாது. வாழ்நாள் பூராவும் மனு கொடுத்தே பழகின கை. இப்போது கொடுக்கவும் மறுக்கவும் அதற்கு அதிகாரம் வந்திருக்கிறது. 

முதலாவது. குட்டை. அவர் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்ட குட்டை, ஆனாலும் அவருக்கு அது தெரியும், அப்பா கன்னியப்பன் சொல்லி, சங்கத்துப் படிப்பகத்தில் ஒட்டியிருந்த பழைய துண்டறிக்கை சொல்லி. மில்காரன் பாய்லரில் எரிந்த நிலக்கரிச் சாம்பலைக் கொட்ட இடம் தேடினான், ஜனங்கள் துணி துவைக்கிற குட்டை கிடைத்தது. வண்டி வண்டியாகக் கொட்டினான். குட்டை மேடாயிற்று, ஊருக்கே சாம்பமேடு என்று பெயர் வந்தது. ஷிஃப்டு முடிந்து வந்த ஆட்கள் அந்தச் சாம்பலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினார்கள், பந்து உருண்டது. உருள ஆரம்பித்ததும் மில்காரனுக்கு அது தன் இடம் என்று ஞாபகம் வந்தது, வேலி போட்டான், அது இரண்டாவது. அதிகாரிகள் பங்களாவுக்குள் டென்னிஸ் ஆடுகிற இடத்துக்கு மட்டும் காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் போகும், அங்கே புல் இருக்கும். இங்கே சாம்பல் பறக்கும், ஒரு வாளித் தண்ணீர் கேட்டால் மானேஜர் சிரிப்பான், அது மூன்றாவது. சாம்பலில் விழுந்தவனுக்குத் தோல் உரியும், உரிந்த இடத்தில் கரித்துகள் ஏறும், ஆறின பிறகும் உள்ளேயே தங்கிவிடும். தணிகாசலத்தின் இரண்டு முழங்காலிலும் கருநீலமாகப் புள்ளிகள் உண்டு, பச்சை குத்தின மாதிரி. ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இது என்ன என்று கேட்டபோது, நான் ஆடின மைதானம் என்று சொன்னார், அவள் பிபி மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினாள். இப்போது வேட்டி மேலாகவே அந்த இடத்தைத் தடவினார். இதுதான் அடையாள அட்டை. இந்தப் புள்ளி இல்லாதவன் சாம்பமேட்டில் ஆடினவன் இல்லை. அண்ணனுக்கு இடது முழங்காலில் மட்டும், ஒரு பட்டாணி அளவுக்கு. ஏன் அது இப்போது. அண்ணன் ஆறாவதில் வர வேண்டியவன், மூன்றாவதில் அவனுக்கு என்ன வேலை.

"தலீவரே, டீ." டில்லிபாபு காகிதக் கோப்பையை நீட்டினான். இப்போதைய கிளப்புக்கு அவன்தான் செயலாளர். மைதானமே இல்லாத கிளப், பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் லாரி நிற்காத நேரமாகப் பார்த்து ஆடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்க இவன் யாரிடமும் பல்லைக் காட்டுவான், அது தணிகாசலத்துக்குப் பிடிக்காது, ஆனால் பூட்ஸ் வந்துவிடுகிறது. "மேடம் மூலக்கொத்தளத்தாண்ட வண்ட்டாங்களாம். ட்ராஃபிக்கு." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது. நீ எப்பவும் மேடையில பத்து பேருதான சொல்லுவ?" ஆமாம் என்றார் தணிகாசலம். "அப்ப பதினோராவது எடம் காலியா கீது." காலி இல்லை, என்றார், அது வெட்டப்பட்டது. "அதான் தலீவரே, வெட்டினா காலிதான? கவுன்சிலரோட மாமனாரு இருந்தாரே, மளிகைக்கடை. அவரும் அந்தக் காலத்துல ஆடுனவராம். வூட்ல ஆசப்படறாங்க. கல்லுக்கு அவங்கதான் கிரானைட் தராங்க. பத்துன்னு போட்டா பாக்க ஒரு மாதிரியா இருக்கும், பதினொண்ணுன்னா லட்சணமா..." எந்த இடத்தில் ஆடினாராம் என்று கேட்டார் தணிகாசலம். டில்லிபாபு தலையைச் சொறிந்தான். "பந்து எடுத்துப் போடுவாராம்." சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். "யோசிச்சு வை தலீவரே. உனக்கும் தொல்ல இல்ல, அந்தப் பேரச் சொல்லவும் வேணாம்." அவன் எழுந்து போனான். டீயில் ஏலக்காய் அதிகம். மளிகைக்கடை மாமனாரைத் தணிகாசலத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேட்ச் நடக்கும்போது கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார், சத்தத்தை வைத்தே கோல் எண்ணிக்கொள்வார். பட்டு மாதிரி முழங்கால் இருந்திருக்கும்.

நான்காவதுக்கு வா. ஷீல்டு. அறுபத்தொன்பது, மார்கழி, வெயில் உறைக்காத ஞாயிறு. சாம்பமேட்டில் ஒரு பழக்கம் இருந்தது, வேறு எந்த மைதானத்திலும் அவர் பார்க்காதது. விசில் ஊதுவதற்கு முன்னால் பதினோரு பேரும் கோட்டில் நிற்பார்கள், ஒருவன் பெயர்களைப் படிப்பான், கோல் காக்கிற கோலியில் தொடங்கி லெஃப்ட் அவுட் வரை, பெயரைக் கேட்டவன் ஒரு காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதிக்க வேண்டும், சாம்பல் முழங்கால் உயரத்துக்குப் புகையாக எழும், வேலியோரம் நிற்கிற ஜனம் "எறங்கிட்டான்!" என்று கத்தும். பதினோரு புகை எழுந்தால்தான் ஆட்டம். பத்தோடு இறங்குவதில்லை. படிக்கிற வேலை தணிகாசலத்துடையது, எழுத்து தெரிந்தவன், தொண்டை உள்ளவன், படிப்பகத்தில் மற்றவர்களுக்காகப் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துப் பழகினவன். காகிதம் வைத்துக்கொள்ள மாட்டான். அன்றைக்குப் பத்துப் புகை எழுந்தது. பதினோராவது பெயரைப் படித்தான், புகை இல்லை. இடது ஓரத்தில் ஓடுகிற லெஃப்ட் அவுட், மில் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டான். மேஸ்திரி வேண்டுமென்றே விடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ரெஃப்ரி கடிகாரத்தைக் காட்டினார். ரிசர்வ் ஆளை இறக்கு என்று கோலி தேசப்பனே சொன்னான். முடியாது என்றான் தணிகாசலம், மறுபடி படித்தான். எதிர் டீம் சிரித்தது. மூன்றாவது தடவை தொண்டை கிழியப் படித்தபோது மில் கேட்டுப் பக்கம் ஜனம் விலகியது, தலையெல்லாம் பஞ்சு, செருப்பில்லாத கால், சட்டையை ஓடிக்கொண்டே கழற்றியபடி வந்து கோட்டின் மேல் குதித்து மிதித்தான். அந்தப் புகை. அதற்கு மேல் என்ன நடந்தது என்பதைத் தணிகாசலம் நூறு மேடையில் சொல்லியிருக்கிறார், ஆனால் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்றால், லெஃப்ட் இன்னாக இருந்த நான் பந்தை வாங்கினேன், ஒருவனை ஏமாற்றினேன், இடது பக்கம் தள்ளினேன், கோல் விழுந்தது. இடது பக்கம் தள்ளினேனுக்கும் கோல் விழுந்ததுக்கும் நடுவே ஆள் இல்லை. பந்து தானாகவே போய் விழுந்த மாதிரி. இந்த முப்பது நாற்பது வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, யார் அடிச்சது என்று. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார். நிமிர்ந்து பார்க்காமல்தான் தள்ளினார், எப்போதுமே பார்த்ததில்லை, அந்தப் பக்கம் ஆள் இருப்பான் என்று காலுக்குத் தெரியும். அடுத்த வாரம் மானேஜர் வந்து கைகொடுத்து, ஷீல்டை ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனான். அதுவே நான்காவது. அது மட்டும்தான் நான்காவது. மற்றதெல்லாம் வரிசையில் இல்லாதது.

கூடத்தின் வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தார். அண்ணி. நவநீதம். நீலப் புடவை, கையில் துணிப்பை, மூட்டுவலிக்காரர்கள் நடக்கிற மாதிரி உடம்பைப் பக்கத்துக்குப் பக்கம் சாய்த்துக்கொண்டு வந்தாள். இவளை யார் கூப்பிட்டது. டில்லிபாபுவாக இருக்கும், இல்லை, அவன் மளிகைக்கடைக்கு இடம் பிடிக்கிறவன், அவன் கூப்பிட்டிருக்க மாட்டான். தானாக வந்திருக்கிறாள். அண்ணன் செத்தபோது தணிகாசலம் தெருமுனை வரை போனார், ஷாமியானா தெரிந்தது, பறை கேட்டது, எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்து முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். துரோகிக்கு மாலை போடுவதில்லை என்று ஒரு காலத்தில் தானே நோட்டீஸில் எழுதினவர் எப்படிப் போக முடியும். எழுதினால் எழுதினதுதான். இப்போது அவள் நேராக அவரை நோக்கி வந்தாள். எழுந்து நிற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் நாற்காலி அவருக்காக முடிவு செய்தது, அகன்ற கால் சறுக்கியது, தடுமாறி எழுந்துவிட்டார். "உக்காரு தணிகா, உழுந்துடப் போற," என்றாள். "இந்த நாற்காலியில உக்காரு, அத தள்ளி வை." அவர் மாறி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து விசிறியை எடுத்து வீசிக்கொண்டாள், காற்றில் பாதி இவர் மேலும் பட்டது. "மாத்திர போட்டியா?" போட்டேன் என்றார். "எளச்சிட்ட."    "அண்ணி, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். "தெரியாது," என்றாள் அவள். "மூணாவது தெருவுல கேஸ் ஆபீஸுக்கு வந்தேன். பேரு படிக்கறாங்கன்னு சொன்னாங்க. எறங்கிட்டான்னு கத்தி எவ்ளோ நாளாச்சி, கேட்டுட்டுப் போலாம்னு." விசிறி நின்றது. "உங்கண்ணன் பேர நீ படிக்கத் தேவையில்ல. படின்னு நான் கேக்க வர்ல. அந்தாளே கேட்டிருக்க மாட்டாரு, திமிரு புடிச்சவரு, உன்ன மாதிரி. ஆனா ஒண்ணு. பத்துன்னு சொல்லு, இல்ல பதினொண்ணுன்னு சொல்லு. வேற எவனையாவது அந்தப் பக்கம் நிக்க வெச்ச, எனக்குக் கெட்ட கோவம் வரும்." டில்லிபாபு சொன்னது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தார். சாம்பமேட்டில் எது யாருக்குத் தெரியாது. அவள் எழுந்து பின்வரிசைக்குப் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாவது. கதவடைப்பு. கேட்டில் பூட்டு, மைதானத்தில் போலீஸ் கூடாரம், சோறு பொங்க விறகு இல்லையென்று போலீஸ்காரர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கி எரித்தார்கள், நான்கு தேக்குக் கம்பம், அண்ணன் தலைமேல் சுமந்துகொண்டு வந்தவை, சரி, அண்ணன்தான் சுமந்துகொண்டு வந்தான், போகட்டும். ஆறாவது. கையெழுத்து. எண்பத்தொன்று. இங்கேதான் தணிகாசலத்தின் குரல் எப்போதும் ஒரு படி ஏறும், ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மில் நொடித்துவிட்டது, இடத்தை விற்கப் பார்க்கிறான், மைதானத்தில் ஜனம் புழங்குகிற வரை வாங்குகிறவன் வர மாட்டான். அந்த நேரத்தில் கிளப் செயலாளராக இருந்த ஒரு துரோகி, மைதானத்தை ஆறு மாதத்துக்குக் காலி செய்து தருகிறோம் என்று எழுதின காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். ஆறு மாதம் முடியவில்லை. இன்றைக்கு வரை முடியவில்லை. மேடையில் இந்த இடத்தில் கைதட்டு வரும். எதற்காக ஆறு மாதம் என்று மேடையில் சொல்வதில்லை. எதற்காக. புல் போடுவதற்காக. தரையைத் தோண்டிச் சாம்பலை அள்ளிவிட்டுச் செம்மண் கொட்டிப் புல் பதித்துத் தருகிறோம், புல் பிடிக்க ஆறு மாதம் ஆகும், அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது என்று மானேஜர் சொன்னான். சாம்பமேட்டில் பிறந்த எவனும் புல்லில் ஆடினதில்லை. வெளி மைதானத்துக்குப் போகும்போது பார்ப்பார்கள், தொடுவார்கள். ஒரு தடவை ஆவடியில் ஆட்டம் முடிந்தபின் அண்ணன் புல்லின் மேல் மல்லாந்து படுத்துவிட்டான், எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை, டேய் தணிகா, இங்க உழுந்தா வலிக்கலடா, என்று சொல்லிக்கொண்டே வேண்டுமென்றே இரண்டு தடவை விழுந்து காட்டினான், அத்தனை பேரும் சிரித்தார்கள், தணிகாசலமும் ஒரு தடவை விழுந்து பார்த்தார். வலிக்கவில்லை. அந்த இரவு ரயிலில் வரும்போதுதான் முதல் தடவையாக மனதில் எழுதினார். கூலி உயர்வு வேண்டும். பஞ்சாலைத் தூசிக்கு முகமூடி வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். நான்காவது கோரிக்கை, மைதானத்துக்குப் புல். நோட்டீஸ் ரோஸ் காகிதம், ஆயிரம் பிரதி. அண்ணன் அந்த நான்காவது வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டான், அவனுக்குப் படிப்பு கைநாட்டுக்கு ஒரு படி மேலே, பெயர் எழுதத் தெரியும், அவ்வளவுதான். இன்னொரு தபா படி. படித்தேன். இன்னொரு தபா. கையெழுத்துப் போட்ட அன்று சாயந்திரம் வீட்டு வாசலில் வந்து நின்றான், முகமெல்லாம் வெளிச்சம், தணிகா, உன் நாலாவது வந்துட்ச்சி, என்றான்.

 டீ ஆறிப்போயிருந்தது, குடித்தார். இது வரிசையில் இல்லாதது, இதை மேடையில் சொன்னதில்லை, இதற்கு எண் கிடையாது. காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் முட்டாள், முட்டாளும் துரோகியும் ஒன்றல்ல என்று ஒரு சின்னப் பிரசுரத்தில் படித்தது ஞாபகம் வந்தது, இல்லை, அப்படி எந்தப் பிரசுரத்திலும் இல்லை, இப்போதுதான் தோன்றுகிறது. ஏன் என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை என்று அன்றைக்கு வாசலில் வைத்துக் கத்தினார். நீ ஊர்ல இல்ல, என்றான் அண்ணன். ஆமாம், மதுரை மாநாடு, இரண்டு நாள். அவன் காத்திருந்திருக்க வேண்டும். அந்த ஒரு மேட்ச்சில் அவனுக்காக நாம் காத்திருந்தோமே. அதற்குப் பிறகு நோட்டீஸ்தான் பேசியது, அண்ணன் தம்பி பேசவில்லை. ஏழாவது, சுவர், மைதானத்தைச் சுற்றி ஒரே இரவில் எழும்பியது, அதைத் தள்ளப் போனவர்களில் தணிகாசலம் முதல் ஆள், இடது காதில் தடியடி, இன்றைக்கும் அந்தக் காதில் கடல் மாதிரி ஒரு இரைச்சல். அப்போது கூட்டத்தின் கடைசியில் அண்ணனும் நின்றான் என்று சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாவது, புல். அடுக்குமாடி கட்டி முடித்தபின் நடுவே புல்வெளி போட்டார்கள், தினமும் இரண்டு வேளை தானாகச் சுற்றுகிற குழாயில் தண்ணீர். போன வருஷம் கேட்டில் கெஞ்சி உள்ளே போனார், கெஞ்சியது அதற்கு மட்டும்தான், வாட்ச்மேன் வடநாட்டுப் பையன். பார்த்தார். சென்டர் லைன் இருந்த இடம் குத்துமதிப்பாகத் தெரிந்தது, மில் புகைபோக்கியின் அடிக்கட்டையை அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள், அதை வைத்துக் கணக்குப் போட்டார். இடது ஓரம் முழுவதும் புல். அங்கே ஒரு பலகை: புல்லின் மேல் நடக்காதீர்கள். காலை எடுத்து வைத்தார், ஒரே காலை, பையன் விசிலடித்தான். இதுதான் எட்டாவது, இதைச் சொல்லும்போது ஜனங்கள் சிரிப்பார்கள், ஆனால் அவர் நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பலகையை அல்ல. அந்த இடது ஓரம் எவ்வளவு காலியாக இருந்தது என்பதைத்தான். காலியாக விட்டால் என்ன ஆகும் என்று சாம்பமேட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டையைக் காலி என்றான், கொட்டினான். மைதானத்தைக் காலி என்றான், கட்டினான். இப்போது பதினோராவது இடம் காலி என்கிறான், மளிகைக்கடைக்காரரை உட்கார வைக்கிறான். அது ஒன்பதாவது. ஒன்பதாவது அநியாயம் இன்னும் நடக்கவில்லை. நடந்தால் அது இந்த வாய் வழியாக நடக்கும். பத்து என்று சொல்லிவிட்டு இறங்கினாலும் நடக்கும், கல் செதுக்குகிறவன் கையில் ஒரு வரி இடம் இருக்கும், கவுன்சிலர் வீட்டு ஆள் பக்கத்தில் நிற்பான். மறுக்க ஆள் இருக்காது. அதுதான் பயம். வாழ்நாள் முழுக்க எதிரே ஒருவன் இருந்தான், என்ன சொன்னாலும் இல்லை என்பான், அவனுக்காகவே சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள்.

கரண்டு வந்தது, மின்விசிறி முனகியது, கூடவே மேடமும் வந்துவிட்டாள், சின்னப் பெண், மூச்சு வாங்க மன்னிப்புக் கேட்டாள். "ஐயா, நீங்கதான் தணிகாசலம் ஐயாவா? ஒக்காந்தே சொல்லலாம். பேரு, அப்பா பேரு, எந்த இடத்துல ஆடுனாங்க. நான் ரெகார்ட் பண்ணிக்கறேன். சாட்சி ரெண்டு பேரு யாரு?" டில்லிபாபு கையைத் தூக்கினான், ரேஷன் கடை ஜானகிராமன் கையைத் தூக்கினார். "எத்தன பேருங்கய்யா, மொத்தம்?" டில்லிபாபு இவரைப் பார்த்தான், கண்ணாலேயே கேட்டான். தணிகாசலம் எழுந்து நின்றார். எட்டு அநியாயத்தையும் முதலில் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகத் தயார் செய்திருந்தார், இப்போது அவை அப்படியே அடங்கிக் கிடந்தன, ஒன்றும் முந்திக்கொண்டு வரவில்லை. மைக்கைக் கொடுத்தார்கள், தள்ளிவிட்டார். "கோல், வேலாயுதம் மகன் தேசப்பன்," என்றார். பழக்கத்தில் கால் எழுந்து சிமென்ட் தரையில் மிதித்தது, வலி இடுப்பு வரை ஏறிற்று, புகை எழவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "எறங்கிட்டான்," என்றது. மேடம் திரும்பிப் பார்த்தாள். "ரைட் பேக், காதர் மகன் அப்துல் சுபான். லெஃப்ட் பேக், அந்தோணி மகன் ரொசாரியோ." எறங்கிட்டான். எறங்கிட்டான். இப்போது இரண்டு மூன்று குரல்கள். "ரைட் ஆஃப், பொன்னன் மகன் கஜபதி. சென்டர் ஆஃப், சூசை மகன் ஆரோக்கியம். லெஃப்ட் ஆஃப், நரசிம்மலு மகன் துளசிங்கம்." வயசான சிலருக்கு ஞாபகம் வந்துவிட்டது, இளசுகளுக்கு வேடிக்கை, கூடம் முழுக்கக் கத்தியது. "ரைட் அவுட், இமாம் மகன் மஸ்தான். ரைட் இன், சடையன் மகன் வரதன். சென்டர், ராமுலு மகன் எத்திராஜுலு." மூச்சு போதவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "லெஃப்ட் இன், கன்னியப்பன் மகன் தணிகாசலம்." எறங்கிட்டான் என்று கத்தி, பலர் கைதட்டினார்கள், முடிந்தது என்று நினைத்து. டில்லிபாபு மேடத்தின் பக்கம் குனிந்து ஏதோ சொல்லத் தொடங்கினான். "டில்லி, நகரு," என்றார் தணிகாசலம். "இன்னும் படிச்சி முடிக்கல." பின்வரிசையில் சுவர் ஓரம் நீலப் புடவை எழுந்து நின்றது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எப்போதுமே பார்த்ததில்லை. "பதினோரு பேரும்மா," என்றார் மேடத்திடம், "எழுதிக்க. லெஃப்ட் அவுட். ஷீல்டு மேட்ச்சுல கோல் அடிச்சவன். கன்னியப்பன் மகன் ஏகாம்பரம்."